மூன்று சுழி ‘ண’ தெரிகிறதா?

பெரியப்பாவுக்கு 74 வயது. காலையில் நாளிதழ் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு மாவட்டத்துப் பேருந்து நிலையம் ஒன்றில் நின்றிருந்தேன். தலைக்கு மேலே ஊர்ப் பெயர்கள் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவரோ பக்கத்தில் நின்ற பையனிடம், “தம்பி, திருக்கழுக்குன்றம் பஸ் எங்க நிக்கும்?” என்று கேட்டார். “மேலே போட்டிருக்கே தாத்தா” என்றான் பையன். பெரியப்பா அண்ணாந்து பார்த்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “எழுத்து தெரியுதுடா. ஆனா நிக்க மாட்டேங்குது” என்றார்.

இதே பெரியப்பா ஊரில் விடியற்காலை நான்கு மணிக்கு டார்ச் இல்லாமல் ஏரிக்கரை வரை போய்த் திரும்புவார். விளக்கே இல்லாத இடத்தில் வழி தெரிகிற மனிதருக்கு, திரும்பிய பக்கமெல்லாம் பலகை தொங்கும் இடத்தில் ஏன் வழி தெரியவில்லை? ‘வயசாயிடுச்சு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். வயதானால் உடம்புக்குள் என்ன மாறுகிறது, அதற்கு ஏற்றபடி பலகை எப்படி மாற வேண்டும் என்பது தனி அறிவியலாகவே வளர்ந்திருக்கிறது. இதை வழியறிதல் என்று சொல்லலாம். கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகரமைப்பு அறிஞர் 1960-இல் எழுதிய ‘தி இமேஜ் ஆஃப் த சிட்டி’ என்ற நூல்தான் இந்தத் துறைக்கு அடித்தளம்.

இது நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள துறை. 2021 கணக்கீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியவர்கள். இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

கண்ணாடி தீர்க்காத மூன்று குறைகள்

நாற்பது வயதைத் தாண்டியதும் கிட்டத்து எழுத்து மங்குவதைத் தமிழில் வெள்ளெழுத்து என்கிறோம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை விறைத்துப்போய், அருகில் இருப்பதைக் குவிக்க முடியாமல் போவதே காரணம். கண்ணாடி போட்டால் இது சரியாகிவிடும். ஆனால் அந்தப் பெயரைக் கவனியுங்கள். எழுத்து ‘சிறுத்துவிட்டது’ என்று நம் முன்னோர் சொல்லவில்லை, ‘வெளுத்துவிட்டது’ என்றார்கள். கண்ணாடியால் தீராத மூன்று குறைகளுக்கும் இந்தச் சொல்லே இன்னும் பொருத்தம்.

முதல் குறை, வெளிச்சம். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது. இருட்டில்கூட முன்போல விரிவதில்லை. வில்லையும் பழைய புகைப்படம் போலப் பழுப்பேறுகிறது. இரண்டும் சேர்ந்து, 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ராபர்ட் வீல் என்ற கண் அறிவியலாளர் 1960-களிலேயே இதைக் கணக்கிட்டார். மூன்று விளக்கு எரிந்த கூடத்தில் இரண்டை அணைத்துவிட்டு, “ஏன் தாத்தா தெரியல?” என்று கேட்பதுபோல்தான் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வில்லை மஞ்சளாவதால் நிறமும் ஏமாற்றும். அடர்நீலம் கறுப்போடு கலக்கும். வெளிர்மஞ்சள் வெள்ளையோடு கலக்கும்.

இரண்டாவது, கண்கூச்சம். வில்லை தெளிவிழக்கும்போது, உள்ளே வரும் ஒளி நேராகப் போகாமல் நாலாபக்கமும் சிதறுகிறது. எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி வழியாகப் பாருங்கள்: அறைக்குள் எல்லாம் ஓரளவு தெரியும், சூரியன் பக்கம் திருப்பினால் வெண்படலம் போர்த்தி எல்லாவற்றையும் மூடிவிடும். கண்ணுக்குள் நடக்கும் இந்தச் சிதறல், 70 வயதில் இளமையில் இருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது.

மாமல்லபுரத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையப் பக்கமிருந்து கடற்கரைக் கோயிலை நோக்கி நடந்தால் முகம் கிழக்கே இருக்கும். எதிரே கடல், அதன் மேல் சூரியன், கீழே நீரிலும் மணலிலும் பட்டுத் தெறிக்கும் வெயில். அந்தப் பாதையில் நமக்கு எதிர்முகமாக ஒரு பலகை நின்றால், வெளிச்சம் அதன் முதுகில் விழுகிறது. எழுத்து இருக்கும் பக்கம் நிழலில். இளங்கண் எப்படியோ படித்துவிடும். முதிய கண்ணுக்கு அது வெறும் கறுப்புச் சதுரம். அதே பலகையைச் சாலையின் ஓரமாகச் சற்றே சாய்த்து வைத்தால், அல்லது பின்னால் ஒரு மரமோ சுவரோ இருக்கும் இடத்துக்கு நகர்த்தினால், ஒரு ரூபாய் பெயிண்ட்கூடச் செலவில்லாமல் எழுத்து திரும்ப வந்துவிடும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: வேறுபாட்டுக் கூர்மை. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வித்தியாசத்தை உணரும் திறன் அது. தோசை மாவில் விழுந்த கடுகு உடனே தெரியும், உளுந்து தெரியாது. இரண்டும் சின்னவைதான், கண்ணும் ஒன்றுதான். வித்தியாசம் பின்புலத்தில் இருக்கிறது. கண் மருத்துவமனையில் மேலே பெரிதாகவும் கீழே போகப் போகச் சிறிதாகவும் எழுத்துள்ள அட்டையைப் படிக்கச் சொல்வார்கள். அது கடுகின் அளவை மட்டும் குறைத்துக்கொண்டே போகும் சோதனை. 1988-இல் டெனிஸ் பெல்லி, ஜான் ராப்சன் என்ற இருவர் வேறு விதமான அட்டையை உருவாக்கினார்கள். அதில் எல்லா எழுத்தும் ஒரே அளவு. ஆனால் மேலே கறுப்பாகத் தொடங்கி, வரி வரியாக வெளிறி, கடைசியில் வெள்ளைத்தாளோடு கரைந்துவிடும். வழக்கமான அட்டையில் நன்றாகப் படித்த முதியவர்கள் பலர் இந்த அட்டையில் நடுவழியில் நின்றுபோனார்கள். நாளிதழ் படிக்கும் பெரியப்பாவுக்குப் பலகை ஏன் தெரியவில்லை என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. நாளிதழ் கையருகில், நல்ல வெளிச்சத்தில், வெள்ளைமேல் கறுப்பு. பலகையோ தொலைவில், வெயில் பின்னணியில், உப்புக்காற்றில் வெளுத்த நிறத்தின்மேல் வெளுத்த நிறம்.

எழுத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டும்?

1862-இல் டச்சுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் ஓர் அளவுகோல் தந்தார். ‘6/6 பார்வை’ உள்ளவர் 6 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் உயர எழுத்தைப் படிக்க முடியும். தூரம் ஐந்து மடங்கானால் எழுத்தும் ஐந்து மடங்காக வேண்டும். 30 மீட்டரில் அது நாலரைச் சென்டிமீட்டர். 6/12 பார்வையுள்ள முதியவருக்கு இரட்டிப்பாக 9 சென்டிமீட்டர். இதுவும் கண்ணைச் சுருக்கி, நின்று, முயன்று படிக்கும் எல்லை. நடந்துகொண்டே, பையைப் பிடித்துக்கொண்டே, கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே படிக்க அதுபோல் இரண்டு மடங்காவது தேவை. ஆக, ஒரு சாண் உயரத்தை நெருங்குகிறோம்.

சாலைப் பொறியாளர்கள் இதை மெல்ல மெல்லத்தான் ஒப்புக்கொண்டார்கள். ஓர் அங்குல எழுத்தை 50 அடி தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைகளின் பழைய கணக்கு. வயதான ஓட்டுநர்களை வைத்துச் சோதித்தபின் அது 40 அடியாகி, 2009-ஆம் ஆண்டு விதிநூலில் 30 அடியானது. மனிதர்களை அளந்து பலகையை மாற்றினார்கள்.

தமிழ் எழுத்துக்கு இந்தக் கணக்கும் போதாது. ஸ்னெல்லன் அட்டையின் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்துக்கு மூன்று குறுக்குக்கோடும் ஒரு நெடுங்கோடும்தான். நம் ‘ண’ வைப் பாருங்கள். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததே, இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழி மட்டும் என்பதால்தான். சற்றுத் தூரம் போனால் அந்த ஒரு சுழி மறைந்துவிடும். அதற்கும் முன்பே மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘திருக்கழுக்குன்றம்’ என்ற பெயரில் 10 எழுத்து, அதில் 4 புள்ளி. ஆங்கிலப் பெயருக்கு ஒதுக்கிய அதே நீளத்துக்குள் இதை அடக்க, எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குகிறார்கள். நசுக்கியதும் ‘நெரிசல் விளைவு’ தொடங்குகிறது. ஓர் எழுத்து தனியாக நின்றால் தெரியும்; அக்கம்பக்கத்தில் வேறு எழுத்து ஒட்டி நின்றால், அதே எழுத்து கலங்கிவிடும். இது மங்கல் ஆகாது. மூளை எழுத்துகளைப் பிரித்தெடுக்க முடியாமல் திணறுவது. 1970-இல் ஹெர்மன் பௌமா என்ற டச்சு ஆய்வாளர் இதை அளந்து காட்டினார். கண் நேராகப் பார்க்கும் புள்ளியிலிருந்து எவ்வளவு ஓரமாக எழுத்து இருக்கிறதோ, அவ்வளவு அதிக இடைவெளி அதற்கு வேண்டும். அண்ணாந்து, ஓரக்கண்ணால் பலகையைத் தேடும் முதியவருக்கு நசுக்கிய எழுத்து இதனால்தான் கூடுதல் தண்டனை.

இன்னொன்றும் உண்டு. நம் பகுதி ஊர்ப் பெயர்களில் திருக்கழுக்குன்றம், திருப்போரூர், திருவான்மியூர் மூன்றும் ‘திரு’ என்றே தொடங்குகின்றன. வேறுபாடு நடுவில் ஒளிந்திருக்கிறது. இப்படிப்பட்ட பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எட்டு வரி அடுக்கினால், முதியவர் ஒவ்வொன்றையும் பாதிவரை படித்துத்தான் விலக்க வேண்டும். வரிக்கு வரி இடம் விட்டு, ஒரு பலகைக்கு நான்கைந்து பெயரோடு நிறுத்தினால் அந்தச் சுமை பாதியாகும்.

இப்போது ‘நிக்க மாட்டேங்குது’ என்ற சொல்லுக்கு வருவோம். படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தத்தித் தத்திப் போகிறது. ஓர் இடத்தில் சுமார் கால் நொடி நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும். படிப்பதெல்லாம் நிற்கும் நேரத்தில்தான். விழியசைவைக் கேமராவால் பின்தொடரும் கருவிகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. முதியவர்களுக்கு அந்த நிறுத்தம் சற்று நீளும். சந்தேகம் வந்தால் பின்னோக்கித் தாவியும் பார்ப்பார்கள். ஓடும் எழுத்து நிற்கவும் விடாது, பின்னோக்கிப் போகவும் விடாது. பெரியப்பா சொன்னது குறை அல்ல, கறாரான அறிவியல் குறிப்பு.

பூச்சரமும் புள்ளிக்கோலமும்

கண் பார்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து மூளை வழி கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அது இரண்டு விதமாக வேலை செய்கிறது.

ஒன்று பூச்சரம் மாதிரி. ‘பிள்ளையார் கோயிலில் வலது, அடிபம்பு தாண்டி இடது, மூன்றாவது வீடு’ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நினைவு. இன்னொன்று புள்ளிக்கோலம் மாதிரி. எல்லாப் புள்ளியும் எங்கெங்கே இருக்கின்றன என்று மனத்துக்குள் தெரிவதால், எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் கோடு இழுக்கலாம். ஒரு தெரு அடைத்திருந்தால் குறுக்கே புகுந்து போகலாம். இதை மனவரைபடம் என்கிறார்கள்.

கோலம் உண்மையிலேயே மூளைக்குள் இருக்கிறது. 1971-இல் ஜான் ஓ’கீஃப், எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்திப் பார்த்தார். எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போகும்போது மட்டும் ஒரு குறிப்பிட்ட செல் துடித்தது. வேறு மூலைக்குப் போனால் வேறொரு செல். அவற்றை இடச்செல்கள் எனலாம். 2005-இல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியும் அவர்கள் குழுவும், பக்கத்துப் பகுதியில் அளவெடுத்து வைத்ததுபோல் சம இடைவெளிகளில் துடிக்கும் கட்டச்செல்களைக் கண்டார்கள். கோலத்துக்கு இட்ட புள்ளி வரிசைபோலவே! மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயதாகும்போது மெல்லத் தேய்வது இந்த ஹிப்போகாம்பஸ் பகுதிதான். கணினித் திரையில் உருவாக்கிய சுற்றுப்பாதைகளில் இளைஞர்களையும் முதியவர்களையும் நடக்கவிட்டுப் பார்த்த ஆய்வுகளில், புதிய இடத்தின் கோலத்தை மனத்தில் வரைய முதியவர்களுக்கு அதிக நேரமும் அதிகச் சுற்றும் தேவைப்பட்டன. பூச்சரமோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. பல்லாண்டுகளாக நடந்து நடந்து கோத்த சரம் என்பதால்தான் பெரியப்பாவுக்கு ஏரிக்கரை இருட்டிலும் தெரிகிறது.

இப்போது கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை நினைத்துப் பாருங்கள். 2002 முதல் சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் கோயம்பேடு பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பழகியவர்கள். 2023 டிசம்பர் 30 அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில், வண்டலூருக்கு அருகே 80 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் புதிய முனையம் திறக்கப்பட்டது. இருபத்தோரு ஆண்டு கோத்த சரம் ஒரே மாதத்தில் அறுந்தது. இளையவர்கள் இரண்டு மூன்று பயணத்தில் புதிய கோலம் போட்டுவிட்டார்கள். முதியவர்களுக்குப் புதுச்சரம் கோத்துத்தர வேண்டியது பலகைகளின் வேலை.

சரம் கோக்க உதவும் பலகைக்கு மூன்று இலக்கணம். முதலாவது, கால் தயங்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். முச்சந்தி, படிக்கட்டு முனை, லிஃப்ட் வாசல். நேர் வழியில் பத்துப் பலகை வைத்துவிட்டு முச்சந்தியில் ஒன்றும் வைக்காவிட்டால் பயனில்லை. இரண்டாவது, திரும்பிய பிறகும் ஒரு பலகை வேண்டும்: ‘சரியான வழியில்தான் வருகிறீர்கள்’ என்று சொல்லும் உறுதிப் பலகை. நீண்ட நடையில் அது இல்லாதபோதுதான் முதியவர்கள் பாதி தூரம் போய்த் திரும்பி வந்துவிடுகிறார்கள். மூன்றாவது, மறக்கமுடியாத ஒரு நிலக்குறி அருகில் இருக்க வேண்டும். மாமல்லபுரத்தில் யாரிடம் வழி கேட்டாலும் ‘வெண்ணெய் உருண்டையாண்ட’, ‘லைட் ஹவுஸ் பக்கம்’, ‘அர்ச்சுனன் தபசு எதிர்ல’ என்றுதான் சொல்வார்கள். கடலிலிருந்து வந்த ஐரோப்பிய மாலுமிகளும் தொலைவில் தெரிந்த கோயில்களை வைத்தே இவ்வூரை ‘ஏழு கோபுரங்கள்’ என்று அழைத்தார்கள். இப்போதைய கலங்கரை விளக்கம் வருமுன் ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலின் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. எல்லாத் தூணும் ஒரே நிறம், எல்லா நடைமேடையும் ஒரே முகம் என்று கட்டும் கட்டடத்தில் இப்படிப்பட்ட நிலக்குறிக்கு வழியே இல்லை. ஒரு நடைமேடைக்கு யானை, அடுத்ததற்கு மீன் என்று பெரிய ஓவியம் வரைந்தாலே போதும். 1969-இல் மெக்சிகோ நகர மெட்ரோ தொடங்கியபோது லான்ஸ் வைமன் நிலையங்களுக்கு இப்படித்தான் சின்னங்கள் வரைந்து கொடுத்தார்.

‘நீங்கள் இருக்கும் இடம்’ என்று சிவப்புப் புள்ளி வைத்த வரைபடங்களைப் பற்றியும் ஒரு சொல். 1980-களில் மார்வின் லெவின் என்ற உளவியலாளர் கண்டது இது: பார்ப்பவருக்கு எதிரே உள்ளது படத்தில் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலர் தவறான பக்கமே நடக்கிறார்கள். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்து நிற்பவருக்கு, வடக்கை மேலே வைத்த படத்தில் கடல் வலப்பக்கம் இருக்கும். கண்ணெதிரே உள்ள கடலை மனத்துக்குள் கால்வட்டம் சுழற்ற வேண்டும். இந்தச் சுழற்றல் வயதோடு மெதுவாகும். படத்தைத் திருப்பி வரைந்தால் சிக்கலே இல்லை.

ஆறகளூர்க் கல் சொல்லும் பாடம்

சேலம் மாவட்டம் ஆறகளூரில் சுமார் 800 ஆண்டுப் பழமையான மைல்கல் ஒன்று இருக்கிறது. மகதேசன் பெருவழியில் காஞ்சிபுரம் 16 காதம் என்று அதில் எழுத்திலும் எண்ணிலும் பொறித்திருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை, கீழே 16 சிறு குழிகளையும் வெட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவர் எழுத்தைப் படிக்கலாம். தெரியாதவர் குழியை எண்ணலாம். இருட்டிலோ கண் மங்கியோ வந்தவர் விரலால் தடவியே எண்ணிவிடலாம். ஒரே செய்தியை மூன்று வழியில் சொல்வது. ஒன்று தவறினாலும் இன்னொன்று கைகொடுக்கும். இன்றைய வடிவமைப்பு நூல்கள் வலியுறுத்தும் கொள்கை இதுதான்.

நம் பேருந்துகளிலும் இது உண்டு. சென்னையில் ‘வெள்ளை போர்டு பஸ்’ என்றால் சாதாரணக் கட்டணம் என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்தின் முகப்பில் இளஞ்சிவப்பு அடித்ததும் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. நிறம், எண், பெயர், படம் நான்கும் ஒரே செய்தியைச் சொல்லட்டும்.

சொல்லும் பழகிய சொல்லாக இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு வரும் பாட்டி மனத்தில் இருப்பது ‘ஓ.பி. சீட்டு’. பலகையில் இருப்பதோ ‘புறநோயாளிகள் பதிவுப் பிரிவு’. நல்ல தமிழ்தான், ஆனால் தேடுகிற சொல்லும் எழுதிய சொல்லும் சந்திக்கவில்லை. ‘ஓ.பி. சீட்டு’ என்று பெரிதாக எழுதி, அதன் கீழே கலைச்சொல்லையும் தந்தால் இரண்டும் நிலைக்கும். தமிழைப் பெரிதாக எழுத வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் விதியும் இருக்கிறது: கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில். எல்லோரும் அணுகத்தக்க கட்டடங்களுக்கான ஒத்திசைந்த வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றிய அரசு 2021-இல் வெளியிட்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கிறது. அறிவும் விதியும் கையில் இருக்கின்றன. நடந்து பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

அதற்கு ஆய்வகம் வேண்டாம். பலகை எழுதுகிறவரும், கட்டடம் கட்டுகிறவரும், நகராட்சி அலுவலரும், பேருந்து நிலைய மேலாளரும் 70 வயது தாண்டிய ஒருவரோடு ஒரு காலை நேரம் செலவிடுங்கள். இடத்தின் பெயரை மட்டும் சொல்லி முன்னால் நடக்க விடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் போங்கள். அவர் எங்கே நின்றார், எங்கே திரும்பிப் பார்த்தார், எங்கே ஆள் தேடிக் கேட்டார் என்று மூன்றையும் சாக்பீசால் தரையில் குறியுங்கள். வெயிலேறிய பிறகும், விளக்கேற்றிய பிறகும் இன்னொரு தடவை. குறி விழுந்த இடங்கள்தான் பலகை வைக்க வேண்டிய இடங்கள். அங்கே, வெளிச்சம் முகத்தில் படும்படி, நசுக்காத எழுத்தில், ஓடாமல் நிற்கும் ஒரு பலகையை வையுங்கள். மூன்று சுழி ‘ண’ அவருக்கு மூன்று சுழியாகவே தெரிகிறதா என்று அவரிடமே கேளுங்கள். தெரிகிறது என்று அவர் சொல்லும் வரை அந்தப் பலகை வேலை முடியவில்லை.